மார்கரெட் போஃபோர்ட்: மகனுக்கு மகுடம் கேட்டாரா, மகனைத் திருப்பிக் கேட்டாரா?

கோட்டைவாசல்

இங்கிலாந்தின் ரோஜாப்பூப் போர் (15ஆம் நூற்றாண்டில் லங்காஸ்டர், யார்க் என்ற இரண்டு அரச கிளைகள் அரியணைக்குப் போட்ட சண்டை) பற்றி இந்தக் களத்தில் பலமுறை பேசியாயிற்று. ஒவ்வொரு முறையும் ஏழாம் ஹென்றியின் தாய் மார்கரெட் போஃபோர்ட் பெயர் வந்ததும், "மகன் பிறந்த அன்றே அவனை ராஜாவாக்கக் கணக்குப் போட்டவர்" என்று யாராவது எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாற்பது வயது வரை அவர் கேட்டதெல்லாம் சின்ன விஷயம்: பையன் வீட்டுக்கு வரவேண்டும், அவன் அப்பாவின் சொத்து அவனுக்குக் கிடைக்கவேண்டும். மகுடம் என்ற பேச்சு 1483 கோடையில்தான் வருகிறது. அதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். தவறு இருந்தால் திருத்துங்கள்.

1443 மே மாதம் பெட்ஃபோர்ட்ஷயரில் பிளெட்ஸோ என்ற ஊரில் பிறந்தார். அப்பா சாமர்செட் டியூக் ஜான் போஃபோர்ட். பிரான்ஸ் படையெடுப்பு படுதோல்வியாகி, அவமானத்தோடு ஊர் திரும்பியவர், மகளின் முதல் பிறந்தநாளுக்குச் சில நாள் முன்பு இறந்துபோனார். ஏராளமான நிலம், ஒரே வாரிசு, அதுவும் பெண் குழந்தை. தகப்பனில்லாத வாரிசு அரசரின் பொறுப்பு என்பது அன்றைய சட்டம். அந்தக் காப்பாளர் உரிமையை அரசர் யாருக்கும் கொடுக்கலாம், விற்கவும் செய்யலாம். "நான் இறந்தால் குழந்தை தாயின் பொறுப்பில்தான் இருக்கவேண்டும்" என்று ஜான் போருக்குக் கிளம்பும் முன்பே லங்காஸ்டர் வம்சத்து அரசர் ஆறாம் ஹென்றியிடம் வாக்கு வாங்கியிருந்தார். அவர் இறந்த சில நாட்களில் அரசர் அந்த உரிமையைச் சஃபோக் பிரபுவுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். குழந்தை தாயோடுதான் வளர்ந்தாள். ஆனால் அவளை யாருக்குக் கட்டிவைப்பது என்ற முடிவு வேறு ஆள் கையில்.

ஆறு வயதை ஒட்டி சஃபோக்கின் மகனோடு கல்யாணம். 1450இல் சஃபோக் கடலில் வைத்துக் கொல்லப்பட்டார். 1453இல் அந்தக் கல்யாணம் ரத்தானது. இந்தத் தடவை அரசர் காப்பாளர் உரிமையை எட்மண்ட், ஜாஸ்பர் டியூடர் என்ற இருவருக்குக் கொடுத்தார். இருவரும் அரசரின் தாய்க்கு இரண்டாவது உறவில் பிறந்த தம்பிகள். 1455இல் எட்மண்டே அவளைக் கட்டிக்கொண்டார். அவளுக்கு 12, அவருக்கு 25 வயதிருக்கும்.

12 வயதில் கல்யாணம் தேவாலயச் சட்டப்படி செல்லும். ஆனாலும் பிரபு குடும்பங்களில் பெண் வளரும் வரை காத்திருப்பதுதான் வழக்கம். எட்மண்ட் காத்திருக்கவில்லை. அதற்குப் பின்னால் ஒரு சொத்துச் சட்டம் இருக்கிறது. மனைவி இறந்தால் அவள் நிலம் கணவனுக்கு ஆயுள் முழுவதும் கிடைக்கவேண்டுமானால், அவர்களுக்கு ஒரு குழந்தை உயிரோடு பிறந்திருக்கவேண்டும். அந்தக் குழந்தை பிழைக்கவேண்டும் என்றுகூட இல்லை. அது அழுத சத்தம் நாலு சுவருக்குள் கேட்டிருந்தால் போதும்.

எட்மண்ட் அந்தச் சத்தத்தைக் கேட்கவில்லை. 1456 ஆகஸ்டில் யார்க் தரப்பு ஆட்கள் அவரைப் பிடித்து கார்மார்தன் கோட்டையில் அடைத்தார்கள். விடுதலையானபின் நவம்பர் தொடக்கத்தில் அங்கேயே கொள்ளைநோயில் இறந்தார். ஆறு மாதக் கர்ப்பிணியான 13 வயதுப் பெண் மைத்துனர் ஜாஸ்பரின் பெம்புரோக் கோட்டைக்குப் போனாள். 1457 ஜனவரி 28 அன்று, நல்ல குளிர்காலத்தில், பையன் பிறந்தான். அவன்தான் பிற்பாடு ஏழாம் ஹென்றி.

மீதியை அடுத்த பதிவில் எழுதுகிறேன்.

இரவுப்பணி

நான் பிரசவ வார்டில் பத்தொன்பது வருடமாக நர்ஸாக இருக்கிறேன். வரலாறு எனக்கு அதிகம் தெரியாது. ஆனால் 13 வயது, முதல் பிரசவம், உருவம் சின்னது என்று படித்தவுடன் எனக்கு மனதில் ஓடியது வேறு. அந்த வயதில் இடுப்பெலும்பு முழுதாக விரிந்திருக்காது. வலி ஒரு நாள், இரண்டு நாள் என்று இழுக்கும். பிள்ளைத் தலை இறங்காது. இன்றைக்கு என்றால் ஆபரேஷன் தியேட்டருக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவோம். அன்றைக்கு மருத்துவச்சியின் கையும் பிரார்த்தனையும்தான்.

மார்கரெட்டின் பாவமன்னிப்புப் பாதிரியாராக இருந்த ஜான் ஃபிஷர் பல வருடம் கழித்து ஓர் உரையில் சொன்ன விஷயம் எனக்குத் தெரியும்: அவ்வளவு சின்ன உடம்பிலிருந்து, அந்த வயதில், ஒரு குழந்தை பிறந்ததே அதிசயம் என்றார். அதற்குப் பிறகு இரண்டு கணவர்கள், ஆனால் ஒரு கர்ப்பம்கூட இல்லை. எங்கள் வார்டில் யாரைக் கேட்டாலும் அதற்கு ஒரே காரணம்தான் சொல்வார்கள். அந்தப் பிரசவத்தில் உள்ளே ஏதோ கிழிந்து கெட்டுப்போயிருக்கும்.

அந்தப் பெண் தன் ஒரே பிள்ளையைப் பற்றி நினைத்ததை எல்லாம் "கணக்கு" என்று எழுதுகிறவர்கள் இதையும் கொஞ்சம் யோசிக்கவேண்டும்.

வாள்முனை

இரவுப்பணி அக்கா சொன்னது மனதைத் தைக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 13 வயதில் பட்ட கொடுமை 40 வயதில் செய்த அரசியலுக்கு விளக்கம் ஆகிவிடாது. 1483 ஜூலை 6 அன்று மூன்றாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழாவில் ராணி ஆன் நெவிலின் அங்கி வாலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தவர் இதே மார்கரெட். அக்டோபரில் அதே ரிச்சர்டைக் கவிழ்க்க நடந்த கலகத்தின் நடுவில் இருப்பவரும் இவரே. மூன்று மாதம்! இடையில் லண்டன் கோபுரத்தில் இருந்த இரண்டு இளவரசர்களை, முந்தைய அரசர் நான்காம் எட்வர்டின் மகன்களை, காணவில்லை. அவர்கள் போனதால் யாருக்கு லாபம் என்று கேட்டால் இவர் பெயரும் வரத்தானே செய்யும்?

இன்னொன்று. நாலு கல்யாணம். ஒவ்வொன்றும் அந்தந்த நேரத்தில் பலமாக இருந்த பக்கம் பார்த்துச் செய்தது. இதைக் கணக்கு என்று சொல்லாமல் என்ன சொல்வது?

கோட்டைவாசல்

வாள்முனை, கல்யாணங்களில் கணக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி எல்லாம் எதற்கான கணக்கு என்பதுதான். அதற்குப் பதில் அவர் வீட்டுக் கணக்குப் புத்தகங்களிலேயே இருக்கிறது. 1460களில் அவர் குடும்பம் என்ன வாங்கியது, யாரை எங்கே அனுப்பியது என்ற வரவுசெலவு இன்றும் கிடைக்கிறது. போர் வரலாறு படிப்பதைவிட அதைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு அவர் நன்றாகத் தெரிகிறார்.

1458 ஜனவரியில் பக்கிங்ஹாம் டியூக்கின் இரண்டாவது மகன் ஹென்றி ஸ்டாஃபோர்டைக் கட்டினார். கைக்குழந்தை பெம்புரோக்கில் ஜாஸ்பரிடம். 1461இல் டௌட்டன் போரில் லங்காஸ்டர் பக்கம் தோற்றது, யார்க் வம்சத்து நான்காம் எட்வர்ட் அரசரானார், ஜாஸ்பர் தப்பி ஓடினார். பெம்புரோக் கோட்டை வில்லியம் ஹெர்பர்ட் கையில் போனது, உள்ளே இருந்த நாலு வயதுப் பையனும் சேர்ந்து. அடுத்த வருடம் ஹெர்பர்ட் 1,000 பவுண்டு கட்டி அந்தப் பையனின் காப்பாளர் உரிமையை வாங்கினார். தாயை எப்படி விலைபேசினார்களோ, அதே சட்டத்தில் மகனும் போனான். ஹெர்பர்ட் தன் மகள் ஒருத்தியை அவனுக்குக் கட்டிவைக்கவும் திட்டம் வைத்திருந்தார்.

ஹெர்பர்டின் ராக்லன் கோட்டையில் பையனை நன்றாகத்தான் வளர்த்தார்கள். 1467 செப்டம்பரில் மார்கரெட்டும் ஸ்டாஃபோர்டும் செவர்ன் ஆற்றைப் படகில் கடந்து அங்கே போய் ஒரு வாரம் தங்கினார்கள். பெற்ற மகனைப் பார்க்க விருந்தாளியாகப் போய்வந்தார்கள்.

1468 டிசம்பரில் அரசர் எட்வர்ட் வேட்டைக்கு வந்தபோது, புரூக்வுட்டில் இருந்த அவர்களுடைய வேட்டை மாளிகையில் விருந்து. கணக்கில் பாருங்கள்: லண்டனிலிருந்து வெள்ளீயப் பாத்திர செட், மார்கரெட்டுக்கு வெல்வெட் துணி, சாப்பாட்டுக்குப் பெரிய கடல் விலாங்கில் பாதி, லாம்ப்ரே மீன், நூற்றுக்கணக்கில் சிப்பி. தன் குடும்பத்தைத் தோற்கடித்த அரசருக்கு அந்தப் பெண் பார்த்துப் பார்த்துப் பரிமாறுகிறார். மகன் திரும்பிவர வேண்டுமென்றால் கையெழுத்துப் போடவேண்டியவர் அந்த ஆள்தான்.

1469 ஜூலையில் எஜ்கோட் போர். ஹெர்பர்ட் தோற்றார், தலை போனது. அவரோடு களத்துக்குப் போயிருந்த 12 வயது ஹென்றி எங்கே என்று தெரியவில்லை. இப்போது கணக்கில் குதிரைவீரர்களின் செலவாகவே வருகிறது. தன் நல்ல ஆட்களைத் தேர்ந்தெடுத்து அனுப்பித் தேடச்சொல்கிறார். பையன் பத்திரமாக வியோப்லி என்ற இடத்தில் ஹெர்பர்டின் விதவையிடம் இருக்கிறான் என்று தெரிந்ததும், அவனுக்கு வில்லும் அம்பும் வாங்கப் பணம் போகிறது. ஒரு தாய் வேறு என்ன அனுப்புவார்? அந்த ஆண்டே வக்கீல்களை வைத்துக் காப்பாளர் உரிமைப் பத்திரத்தில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறார். ஃப்ளீட் தெருவில் ஒரு விடுதியில் உட்கார்ந்து இரு தரப்பும் பேசினார்கள். பையனின் அப்பா எட்மண்டுக்குச் சொந்தமாயிருந்த ரிச்மண்ட் நிலங்களைக் கையில் வைத்திருந்த அரசரின் தம்பி கிளாரன்ஸையும் நேரில் போய்ப் பார்க்கிறார்.

1470 இலையுதிர் காலத்தில் ஆறாம் ஹென்றி மறுபடி அரியணைக்கு வந்தார், ஜாஸ்பர் பையனை லண்டனுக்குக் கூட்டிவந்தார். தாயும் மகனும் ஏறத்தாழ இரண்டு வாரம் ஒன்றாக இருந்தார்கள். வோக்கிங் வீடு, அப்புறம் சுற்றுவட்டார ஊர்கள். நவம்பர் 11இல் பையன் ஜாஸ்பரோடு கிளம்பிவிட்டான். அப்போது அவனுக்கு 13 வயது. அவனைப் பெற்றபோது அவருக்கு என்ன வயதோ அதே வயது. அடுத்து மகனைப் பார்க்கும்போது 1485 ஆகிவிட்டது.

தேம்சுக்கரை

நல்ல இழை. நான் இருக்கிறது லண்டனில். போன கிழமை ஊரிலிருந்து வந்த மாமியைக் கூட்டிக்கொண்டு வெஸ்ட்மின்ஸ்டர் அபே போனேன். ஏழாம் ஹென்றியின் சேப்பலில் தெற்குப் பக்க நடையில் மார்கரெட்டின் கல்லறை இருக்கிறது. ஸ்காட்லாந்து ராணி மேரியின் கல்லறையும் அதே நடையில்தான், சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். இங்கே ஆளே இல்லை.

பியெத்ரோ டோரிஜியானோ என்ற ஃபுளோரன்ஸ் சிற்பி வெண்கலத்தில் வார்த்துப் பொன்முலாம் பூசியது. விதவை உடை. கால்மாட்டில் கொம்பு வைத்த ஒரு கற்பனை விலங்கு. சுற்றிவர உள்ள வரிகளை எழுதியவர் எராஸ்மஸ், அதற்கு 20 ஷில்லிங் கூலி வாங்கினாராம். இதெல்லாம் சரி. என்னை நிறுத்தியது கைகள். கும்பிட்டபடி உயர்த்திய இரண்டு கைகள், தோல் சுருங்கி, நரம்பு தெரிய, விரல் மூட்டு புடைத்து. முகத்தை அழகாக்கிவிடலாம், அந்தக் கைகளை அப்படியே விட்டிருக்கிறார் அந்த மனுஷன். மாமி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அம்மாவின்ர கை மாதிரியே கிடக்கு" என்றா. வேறொன்றும் சொல்லேல்ல.

வாள்முனை

கோட்டைவாசல், வில் அம்பு விஷயம் எனக்குப் புதுசு. நன்றி.

ஆனால் என் கேள்வி நிற்கிறது. 1471இல் டியூக்ஸ்பரி போருக்குப் பின் லங்காஸ்டர் நேரடி வம்சமே முடிந்துவிட்டது. ஆறாம் ஹென்றியும் இல்லை, அவர் மகனும் இல்லை. ஜாஸ்பர் பையனை டென்பியிலிருந்து கப்பலேற்றி பிரிட்டனிக்கு (இன்றைய பிரான்ஸின் மேற்குப் பகுதி) கொண்டுபோகிறார். அந்த நேரத்தில் லங்காஸ்டர் ரத்தம் என்று சொல்லிக்கொள்ள மிச்சம் இருந்தது போஃபோர்ட் வழிதான். இது மார்கரெட்டுக்குத் தெரியாதா? கணவர் ஸ்டாஃபோர்ட் 1471 அக்டோபரில் இறக்கிறார், 1472 ஜூனில் தாமஸ் ஸ்டான்லியைக் கட்டுகிறார். வடமேற்கில் சொந்தமாகப் படை வைத்திருந்தவர், அரசர் மாளிகையின் மேற்பார்வையாளர். இடையில் ஏறத்தாழ எட்டு மாதம்தான்.

கோட்டைவாசல்

ஸ்டாஃபோர்ட் எப்படி இறந்தார் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1471 மார்ச்சில் மார்கரெட்டின் பங்காளி சாமர்செட் டியூக் எட்மண்ட் போஃபோர்ட், 40 ஆட்களோடு வோக்கிங் வீட்டுக்கு வந்து நாலு நாள் உட்கார்ந்து, லங்காஸ்டர் பக்கம் வரச்சொல்லி ஸ்டாஃபோர்டிடம் பேசினார். ஸ்டாஃபோர்ட் மாட்டேன் என்றுவிட்டார். ஏப்ரல் 14 அன்று பார்னெட் போரில் எட்வர்டுக்காக நின்று படுகாயம் பட்டார். மார்கரெட் கணவனுக்கு என்ன ஆயிற்று என்று பார்த்துவர பார்னெட்டுக்குக் குதிரையில் ஆள் அனுப்பினார். அடுத்த மாதம் அதே பங்காளியை டியூக்ஸ்பரியில் தலைவெட்டினார்கள். கணவர் ஒரு பக்கம், பிறந்த வீடு மறு பக்கம், மகன் கடல் தாண்டி. அந்த நிலையில் தனியாக நிற்கும் சொத்துள்ள விதவையை அரசர் தன் இஷ்டத்துக்கு யாருக்காவது கட்டிவைக்க முடியும். அதற்கு முன் தானே ஆளைப் பார்த்துக்கொண்டார். நாலு கல்யாணத்தில் இரண்டு, குழந்தையாக இருந்தபோது பிறர் முடித்தது. ஸ்டாஃபோர்ட் கல்யாணத்துக்கும் ஸ்டான்லி கல்யாணத்துக்கும்தான் அவர் சம்மதம் என்று ஒன்று உண்டு.

மகுடம்தான் குறி என்றால் 1482இல் நடந்ததற்கு என்ன அர்த்தம்? மார்கரெட்டின் தாயார் அந்த ஆண்டு இறந்தார். ஜூனில் ஓர் ஒப்பந்தம் எழுதி, எட்வர்ட் அதற்கு முத்திரை வைக்கிறார்: ஹென்றி நாடு திரும்பி அரசரின் தயவைப் பெற்று வாழ்ந்தால், பாட்டி சொத்தில் ஆண்டுக்கு 400 பவுண்டு மதிப்புள்ள நிலம் அவனுக்கு. ஹென்றிக்கு மன்னிப்பு வழங்கும் ஆணையின் வரைவு ஒன்றும் கிடைத்திருக்கிறது. அதை எதில் எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? எட்மண்ட் டியூடரை ரிச்மண்ட் ஏர்ல் ஆக்கிய பழைய பட்டயத்தின் பின்புறத்தில். அப்பா பட்டம் வாங்கிய தோலின் முதுகில் மகனுக்கு மன்னிப்பு. பத்து வருடம் எட்வர்டின் அவையில் பொறுமையாக நின்று அவர் கொண்டுவந்து சேர்த்த இடம் இது. அரியணை மேல் கண் இருக்கிற ஆள், மகனை அரசரின் கைக்கெட்டும் தூரத்தில் கொண்டுவந்து விடுவாரா?

வாள்முனை

மகனே அதை நம்பவில்லையே. 1476இல் எட்வர்டின் தூதர்கள் அழைத்துப்போக வந்தபோது, ஹென்றி செயிண்ட் மாலோ துறைமுகம் வரை போய், உடம்பு சரியில்லை என்று காட்டிக்கொண்டு தேவாலயத்தில் அடைக்கலம் புகுந்தார். போனால் தலை தங்காது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

கோட்டைவாசல்

உண்மை. இந்த இடத்தில் எனக்கும் உறுத்தல் உண்டு. தாயின் நம்பிக்கை சரியா, மகனின் பயம் சரியா என்றால், நான் மகன் பக்கம்தான் சாய்வேன். ஆனால் 1482 பத்திரம் தாயின் விருப்பத்தைக் காட்டுகிறது. நான் சொல்லவந்தது அவ்வளவே.

1483 ஏப்ரலில் எட்வர்ட் திடீரென்று இறந்தார், அத்தனை வருட உழைப்பும் போனது. எட்வர்டின் மகனை ஒதுக்கிவிட்டு அரியணை ஏறிய தம்பி ரிச்சர்டிடமும் மார்கரெட் முதலில் பேச்சுவார்த்தைக்குத்தான் போகிறார். நீங்கள் சொன்ன அந்த அங்கி வால் விழாவுக்கு முந்தைய நாள், ஜூலை 5, வெஸ்ட்மின்ஸ்டரில் ரிச்சர்டையும் தலைமை நீதிபதியையும் பார்த்து, பிரான்ஸின் ஓர்லியன்ஸ் குடும்பம் தன் குடும்பத்துக்குத் தரவேண்டிய பழைய பணயப் பாக்கி பற்றிப் பேசியிருக்கிறார். கலகம் செய்யக் கிளம்பியவர் கடன் வசூல் பேசிக்கொண்டிருக்கமாட்டார். அந்தக் கோடையில் இளவரசர்கள் கண்ணில் படுவது நின்றபிறகுதான் எல்லாம் மாறுகிறது.

அவர்களை மார்கரெட் கொன்றார் என்பதற்கு அந்தக் காலத்தில் எழுதியவர்கள் ஒருவரிடமும் சான்று இல்லை. அந்தப் பேச்சு 17ஆம் நூற்றாண்டில் ரிச்சர்டுக்கு ஆதரவாக எழுதியவர்களிடம் தொடங்குகிறது. கோபுரத்தின் சாவி ரிச்சர்டின் ஆட்களிடம் இருந்தது.

செம்பருத்தி

எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆள் டாக்டர் லூயிஸ் கேர்லியன். வெல்ஷ்காரர், மார்கரெட்டுக்கு வைத்தியர். எட்வர்டின் விதவை எலிசபெத் உட்வில் அப்போது மகள்களோடு வெஸ்ட்மின்ஸ்டர் அடைக்கலத்தில் இருக்கிறார், வெளியே ரிச்சர்டின் காவல். வைத்தியரை யார் தடுப்பார்கள்? நாடி பார்க்கப் போகிறவர் போல உள்ளே போய், ஒரு தாயின் சேதியை இன்னொரு தாயிடம் சொல்லிவிட்டு வருவார். உன் மகள் எலிசபெத், என் மகன் ஹென்றி. இரண்டு வம்சமும் ஒன்றாகட்டும். ஒருவர் பையன்களைப் பறிகொடுத்தவர், இன்னொருவர் பையனைப் பன்னிரண்டு வருடமாகப் பார்க்காதவர். அந்த அறையில் அழுகை இல்லாமல் இருந்திருக்காது.

அக்டோபர் கலகம் மழையிலும் வெள்ளத்திலும் சிதைந்தது, அதை முன்னின்று நடத்திய அன்றைய பக்கிங்ஹாம் டியூக்கின் தலை போனது. 1484 நாடாளுமன்றத்தில் மார்கரெட்டின் நிலம் முழுவதும் பிடுங்கப்பட்டது. ஸ்டான்லியைப் பகைக்க முடியாததால் உயிரை விட்டார்கள். நிலத்தைக் கணவர் பெயருக்கு மாற்றி, அவரையும் கணவர் காவலில் வைத்தார்கள். 1485 ஆகஸ்ட் 22, போஸ்வொர்த் போர்: ரிச்சர்ட் இறந்தார், ஹென்றி அரசரானார். அது எல்லோருக்கும் தெரிந்த கதை.

இரவுப்பணி அக்காவுக்காக ஒன்று. 1498இல் பேத்தி மார்கரெட்டை ஸ்காட்லாந்து அரசர் நான்காம் ஜேம்ஸுக்குக் கொடுக்கப் பேச்சு நடந்தது. பேத்திக்கு அப்போது ஒன்பது வயதுகூட ஆகவில்லை. ஹென்றி ஸ்பெயின் தூதரிடம் சொல்கிறார்: என் மனைவியும் என் தாயும் இதற்கு எதிர்ப்பு, இப்போதே அனுப்பினால் ஸ்காட்லாந்து அரசர் காத்திருக்கமாட்டார், பெண்ணின் உடம்பைக் கெடுத்துவிடுவார் என்று பயப்படுகிறார்கள். கல்யாணம் தள்ளிப்போனது. 1503இல் பேத்தி கிளம்பியது காலிவெஸ்டனில் பாட்டி வீட்டிலிருந்துதான்.

இரவுப்பணி

நன்றி தங்கச்சி. அப்போது அந்தப் பெண்ணுக்கு 13 ஆகியிருக்குமே? முதல் குழந்தை எப்போது?

செம்பருத்தி

ஆமாம் அக்கா, 13தான். முதல் குழந்தை 1507 பிப்ரவரியில். 17 வயதில்.

இரவுப்பணி

சரி. அது போதும் எனக்கு.

வாள்முனை

நான் கொஞ்சம் இறங்கிவருகிறேன். 1483க்கு முன் மகுடத் திட்டம் இருந்தது என்பதற்கு என்னிடம் பத்திரம் இல்லை. ஆனால் அப்புறம் அதிகாரத்தை அவர் விரும்பவில்லை என்று யாரும் சொல்லக்கூடாது. 1485இல் முதல் நாடாளுமன்றத்திலேயே, கணவர் உயிரோடு இருக்கும்போதே, தன் சொத்தைத் தானே ஆளும் தனித்த பெண் என்று சட்டம் போட வைத்தார். 1499 முதல் "மார்கரெட் ஆர்" என்று கையெழுத்து. அந்த ஆர் ரிச்மண்டா, ராணி என்பதற்கான லத்தீன் சொல்லா என்று பார்ப்பவர்கள் குழம்பட்டும் என்றே போட்டது மாதிரி இருக்கிறது.

கோட்டைவாசல்

அதில் சண்டையே இல்லை, வாள்முனை. விரும்பினார். பிறந்த வருடத்திலிருந்து தன் நிலத்தைக் காரணம் காட்டித் தன்னைக் கைமாற்றியவர்களைப் பார்த்தவர், 42 வயதில் அந்த நிலத்தின் சாவியைத் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். அந்தப் பணத்தில்தான் கேம்பிரிட்ஜில் 1505இல் கிறைஸ்ட்ஸ் காலேஜ் வந்தது. செயிண்ட் ஜான்ஸ் காலேஜ் அவர் இறந்தபின் 1511இல் ஃபிஷரின் முயற்சியால் வந்தது.

மகனின் முடிசூட்டு விழாவில் அவர் நிற்காமல் அழுதார் என்று ஃபிஷர் பதிவுசெய்திருக்கிறார். சந்தோஷம் வந்தாலும் அடுத்து ஏதோ கெட்டது காத்திருக்கிறது என்று பயப்படுகிற சுபாவமாம். 1509 ஏப்ரலில் அந்த மகனும் போனார். ஜூன் 24 அன்று பேரன் எட்டாம் ஹென்றிக்கு மகுடம் சூட்டியதைப் பார்த்துவிட்டு, 29ஆம் தேதி இவரும் போனார்.

இருவரும் எழுதிக்கொண்ட கடிதங்களில் சில மிஞ்சியிருக்கின்றன. ஒன்றில் ஹென்றி தாயிடம் மன்னிப்புக் கேட்கிறார்: பார்வை முன்போல் இல்லை, என் கையால் இதை எழுதி முடிக்க மூன்று நாள் ஆயிற்று, அடிக்கடி எழுதாததற்குக் கோபிக்காதீர்கள் என்று. நாட்டுக்கே ராஜா, எழுத்தர்கள் ஆயிரம் பேர் இருப்பார்கள்.

தாய் எழுதிய ஒரு கடிதத்தின் அடியில் தேதி போடவேண்டிய இடத்தில் எண் இல்லை. புனித ஆக்னஸின் நாள், என் அன்பான அரசனை, என் ஒரே மகனை நான் இவ்வுலகுக்குக் கொண்டுவந்த நாள் என்று எழுதியிருக்கிறார். 1457இன் அந்த ஜனவரி 28ஐத்தான் சொல்கிறார்.